பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள்

மேகலா வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் ஒருதடவைகூட அவரை மாமா என்று கூப்பிடவில்லை. கூப்பிடாமலேயே பேசிக்கொண்டிருந்தாள். "புழு அந்த டப்பாவுல இருக்குதுங்." "தண்ணி ஒரு அடி எறங்கியிருக்குதுங்." "இப்படிக்கா போடுங், அங்க வேரு கெடக்குது." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு பேச்சின் வாலிலும் அந்த 'ங்' தவறாமல் இருந்தது, தலையில் இருக்க வேண்டிய 'ஏனுங் மாமா' மட்டும் இல்லை. அர்த்தநாரி தண்ணீரில் மிதக்கிற தூண்டில் தக்கையைப் பார்த்தபடி அவள் சொன்னதையெல்லாம் மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். தவறிக்கூட எங்கும் விழவில்லை. இந்த வித்தை அவருக்குத் தெரிந்ததுதான். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். எதிரில் நிற்கிற பெண்பிள்ளையை அக்கா என்பதா அம்மா என்பதா என்று பிடிபடாவிட்டால் எதையும் சொல்லாமல் 'டிக்கெட் வாங்குங், உள்ள போங்' என்று நகர்ந்துவிடுவார். முறை தெரியாதவர்களிடம் பேசுகிற பேச்சு அது. அதை இப்போது மேகலா அவரிடம் பேசுகிறாள். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. அன்று காலை வரைக்கும் அவர் மகன் தினகரன் அவளுக்குப் புருஷன், மத்தியானம் யாரோ. காகிதத்தில் 'தினகரன், த/பெ. அர்த்தநாரி' என்று அவர் பெயரும் ஒரு அடையாளத்துக்கு இருந்தது. அந்தத் தீர்ப்பு மாமனாரையும் சேர்த்து ரத்து செய்ததா இல்லையா என்று எங்கேயும் எழுதவில்லை. வக்கீலிடம் கேட்கலாம் என்று வாய்வரை வந்து, கேட்டால் சிரிப்பாரே என்று விழுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தினகரனைப் பிரிந்து டவுனில் தனியாகக் குடிபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தவள், தீர்ப்புக்கு அடுத்த ஞாயிறு வரவில்லை. நேற்று அவள்தான் போன் செய்தாள். "நாளைக்கு ஆத்துக்கு வர்றீங்களா?" என்றாள். போனிலும் மாமா இல்லை. ஆனால் ஆறு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் விடியுமுன் எழுந்து வந்திருந்தார்.

ஐப்பசியில் பவானி வேறு ஆறு. ஆடியில் அணை திறந்து வரும்போது அது யாரையும் திரும்பிப் பார்க்காது, கரையில் நிற்கிறவன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஐப்பசி மழை நாலு நாள் பெய்து ஒருநாள் வெறிக்கும்போதுதான் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கும். கலங்கல் அடியில் உட்காரும், மேல்தண்ணீர் பால் கம்மியாக விட்ட டீயின் நிறத்துக்கு வரும். நாணல் முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கும். உட்காருகிற பாறை வேட்டியைத் தாண்டிச் சில்லென்று ஏறும், முதலில் உடம்பு சுருங்கும், பிறகு பாறையும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்து எது எது என்று தெரியாமல் போகும். அந்த நேரம் அவருக்கு நெம்பப் பிடிக்கும். தண்ணீர் குளிர ஆரம்பித்துவிட்டது, இனிமேல் மார்கழியில் அடங்கிப் போவதற்குள் தின்றுகொள்ள வேண்டும் என்று மீன்களுக்கெல்லாம் ஒரே பசி; மேலே இருக்கிறவர்களுக்கு ஒரே நிம்மதி. புழு தோண்டக்கூட வேண்டியதில்லை, வாழைக்கட்டையைப் புரட்டினால் கொத்தாகக் கிடக்கும். கோதுமை மாவில் புண்ணாக்குத் தூளைப் போட்டுப் பிசைந்த உருண்டை விரல் நுனியில் ஒட்டி நாள் முழுக்க மணக்கும், அவர் மனைவி ராஜாமணி சோறு போடும்போது மூக்கைச் சுளிப்பாள். தக்கையைப் பார்ப்பது பார்வை மாதிரியே இருக்காது. பஸ்ஸில் எழுபது முகம் பார்த்து, எழுபது சில்லறை பார்த்து, யார் எங்கே ஏறினான் எங்கே இறங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் காய்ந்துபோன கண்ணை ஒரே ஒரு மயிலிறகுத் தண்டின்மேல் வைத்து ஆற்றிக்கொள்வது. அது கீழே இருக்கிறது யார் என்றும் சொல்லிவிடும். ஜிலேபி மீன் என்றால் துடுக்குத்தனமாக நாலு குத்து குத்திவிட்டுப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். கெளுத்தி யோசிக்காது, நேராகக் கீழே. கெண்டைதான் பெரிய மனுஷி. தொட்டுப் பார்க்கும், விலகும், திரும்ப வரும், தக்கை படுக்கும், நிமிரும், நம் பொறுமையை எல்லாம் கரைத்த பிறகு மெல்ல நடக்க ஆரம்பிக்கும். நடக்கும்போது இழுக்கோணும், முன்னாலயும் இல்லாம பின்னாலயும் இல்லாம என்று மேகலா சொல்லிக் கொடுத்தது. முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல். அவர் வாழ்க்கையில் அப்படி எதைச் செய்தார்?

சொல்லிக் கொடுத்தது அவள்தான், ஊரில் எல்லோரும் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். அவள் பிறந்தது மேட்டூருக்குக் கீழே காவிரிக் கரையில். கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையோடு ஒரு நீளத் துணிப்பையும் வந்தது, ராஜாமணி அதை ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்துப் பரணில் பத்திரமாக ஏற்றினாள். பிரித்தால் ரீல் வைத்த தூண்டில். அர்த்தநாரிக்கு அப்போது ரிட்டயராகி அஞ்சு மாதம். விசில் இல்லாத வாய், பை தொங்காத தோள். காலையில் நாலரைக்கு விழிப்பு வரும், எழுந்து எங்கேயும் போக வேண்டியதில்லை என்று நினைவு வரும், கிழக்கே போகிற முதல் பஸ்ஸின் சத்தத்தைப் படுத்தபடியே கேட்டு, இப்போது கோயில் முக்கு, இப்போது ரைஸ் மில் என்று கூடவே போய்க்கொண்டிருப்பார். தினகரன் கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் சேல்ஸில் இருந்தான், வீடு பார்த்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிச் சொல்லி ரெண்டு வாரத்துக்கொருமுறை வந்துபோனான். மேகலா டவுனில் மருந்துக்கடை வேலைக்குப் போய்வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஐப்பசிதான், அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, இங்க நிக்கறதுக்கு ஆத்துல வந்து உக்காருங்" என்றாள். அவ்வளவுதான் ஆரம்பம். புழுவைத் தொடக் கூசினார். வழுவழுவென்று நெளிந்தது, கீழே போட்டுவிட்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பஸ்ஸுல எத்தன பேர்த்த புடிச்சு உள்ள தள்ளியிருப்பீங், இந்தப் புழு என்னங் பண்ணுச்சு உங்களுக்கு?" அன்றைக்கு ஒரு விரல் நீளத்துக்கு ஒரு பொடிக்கெண்டை மாட்டியது. தூண்டில் நரம்பு வழியாக அந்தத் துடிப்பு மூங்கில் கம்பில் ஏறி, மூங்கிலிலிருந்து கைக்குள் வந்தது. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு உயிர் இருக்கிறது, அது இப்போது நம்மோடு பேசுகிறது. ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஒன்று புதிதாக வரும் என்று யார் நினைத்தார்கள்? அது ஏழு வருஷத்துக்கு முந்தி.

"காப்பி குடிக்கறீங்களா?" மேகலா பிளாஸ்க்கைத் திருகினாள். இதிலும் இல்லை. "குடு அம்மிணி" என்றார் அவர். அவர் பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை, அவருக்கு அவள் வந்த நாளிலிருந்து அம்மிணிதான். ஆனால் அம்மிணி என்று யாரை வேண்டுமானாலும் சொல்லலாம், தெருவில் போகிற குழந்தையைக்கூட. மாமா அப்படி இல்லையே. வருகிற வியாழக்கிழமை தீபாவளிக்குத் தினகரன் கோயமுத்தூரில் கூட இருக்கிற அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறான். அவள் வாசல்படி ஏறி, குனிந்து, மாமா என்று சொல்வாள். சொல்லத்தான் செய்வாள், பாவம், அவளுக்கும் வேறு என்ன வார்த்தை இருக்கிறது? வீட்டில் ஒரு பீரோ மாதிரி அந்த வார்த்தை ஒன்றுதான், ஒருத்தி காலி பண்ணினால் இன்னொருத்தி துணி அடுக்குவாள். ராஜாமணிக்கு எல்லாம் ஒழுங்காகத் தீர்ந்துவிட்டது என்று ஒரு ஆறுதல். காலையில் அவர் மூங்கிலை எடுக்கும்போது விளக்குமாற்றை ஊன்றி நின்று, "தீர்ந்து போன ஒறவுங்க அது. ஊரு என்ன பேசும்?" என்றாள். அவர் மூங்கிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். "போறதுன்னா போங். அந்தக் குச்சிய ஆட்டீட்டு நடுத்தெருவுல போவாம வாய்க்கா வழியா போங்" என்றாள். அதுவும் ஒருவிதத்தில் சம்மதம்தான். ராஜாமணி கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தை மாதத்துக்குப் பிறகு நடந்தது. அதற்கு முந்தியதைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ரெண்டு பேர் கோயமுத்தூரில் இருந்தார்கள், மூன்றாவது ஆள் இதோ இந்தப் பாறையில் காப்பி குடிக்கிறான்.

காப்பி சூடாக இறங்கியது. இறங்கிய இடத்தில் அந்தப் படிக்கட்டு வந்தது. எப்போதும் அப்படித்தான், எதையாவது நன்றாக அனுபவிக்கும்போது பின்னாலேயே அந்தப் படிக்கட்டு வந்துவிடும். முந்தாவருஷம் ஐப்பசி முதல் வாரம், கண்ணில் புரை காட்டக் கோயமுத்தூர் போனவர், வந்தது வந்தோம் என்று மகன் அறைக்குப் படி ஏறினார். கையில் இட்லிப்பொடி டப்பா. மேகலா புருஷனுக்காக வறுத்து அரைத்து, அவருக்கு எள்ளு தூக்கலாப் போட்டா புடிக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டது. வாசலில் பச்சை வார் வைத்த பெண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. பக்கத்து வீட்டுக்காரியுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பெல்லை அழுத்தினார். ஈரத்தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஒரு பெண் கதவைத் திறந்தாள். யார் என்று கேட்காமலே தெரிந்துகொண்டாள், தினகரனுக்கு அவர் சாயல். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையில் இருந்த டப்பாவைத் தானாகவே நீட்டிவிட்டார், ஒருவர் கை நீட்டினால் கொடுத்துவிடுகிற கண்டக்டர் கை, அவளும் வாங்கிக்கொண்டு 'தேங்க்ஸ் அங்கிள்' என்றாள். அதைத்தான் அவரால் எத்தனை தரம் நினைத்தாலும் தாண்ட முடியவில்லை. எள்ளு தூக்கலாக. தினகரன் அவரை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டான். "அப்பா, நானே அவகிட்ட சொல்லிக்கிறேன். தையோட எல்லாத்தையும் பேசி முடிச்சர்றேன். நீங்க வாயத் தெறக்காதீங்" என்றான். அவர் தலையாட்டினார். மகன் என்றால் தலையாட்டத்தானே வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மேகலா விடியக்காலமே தூண்டிலோடு நின்றாள். வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மார்கழிக் கடைசியில், யாரோ அனுப்பிய ஒரு போட்டோவில் அவளாகவே கண்டுபிடிக்கும் வரைக்கும் பதினோரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷம் மாதிரி மீன் எந்த வருஷமும் படவில்லை. அந்த வருஷம் மாதிரிச் சிரிப்பும். அதுதான் மாட்டிக்கொண்ட முள். மகனுக்குக் கொடுத்த வாக்கு என்பது பொய், அது வெளியே சொல்லிக்கொள்ள. வாக்கு கொடுக்காவிட்டாலும் சொல்லியிருப்பாரா? சொன்னால் அவள் பெட்டியைக் கட்டுவாள், மேட்டூருக்குப் போய்விடுவாள், அவர் பழையபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கை உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுகொண்டிருந்தார்.

"பாருங் பாருங்!" அவள் தூண்டிலில் தக்கை படுத்திருந்தது. மேகலா மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு விரலால் நரம்பைத் தொட்டாள். எல்லாம் நின்றது, படிக்கட்டு, செருப்பு, ராஜாமணி, எல்லாம். தக்கை நிமிர்ந்தது, ஒரு சுற்று சுற்றியது, ஒரு சாண் நடந்தது, அவள் மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டியது. வெயிலில் பக்கம் காட்டித் திரும்பிய ஒரு கெண்டை, உள்ளங்கை அகலம், வால் ஓரத்தில் இளஞ்சிவப்பு. அவள் கை தண்ணீருக்குள்ளேயே அதை வாங்கிக்கொண்டது. முள்ளை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா பார்த்தாள். மீனைப் பிடித்த கையோடு முழங்கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள், கன்னத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. கோர்ட்டில் அன்றைக்கு இருந்த முகம் இல்லை இது. வந்ததிலிருந்து முதல்தரமாக அவள் முகம் அவளிடம் இருந்தது. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வாளியில் மீனை விட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்: "உங்கள என்னன்னு கூப்புடறதுன்னே தெரியலீங். காலைல இருந்து தவிச்சுட்டு இருக்கறேன். மாமான்னு சொன்னா அத்தை காதுல விழுந்தா சண்டைக்கு வருவாங்களோன்னு இருக்குது. அங்கிள்னு சொன்னா வாய் கூசுது." கூசும் அம்மிணி, கூசத்தான் செய்யும் என்று உள்ளே சொல்லிக்கொண்டார். "கண்டக்டர்னு கூப்புடு. முப்பது வருஷம் அதுக்குத்தான் திரும்பிப் பாத்தேன்" என்றார். அவள் இன்னும் சிரித்தாள். ஆக அவளும் தவித்திருக்கிறாள், வேண்டாம் என்று விட்டதில்லை. அவருக்கு மார்புக்குள் கதவு திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கேயே நின்றிருந்தால் போதும், அந்த இடத்தில் விசில் ஊதி இறங்கியிருக்கலாம். ஆனால் அவள் அடுத்த வார்த்தையையும் சொன்னாள். மாவு உருண்டையை உருட்டியபடி, அவரைப் பார்க்காமல். "எப்படிக் கூப்புட்டா என்னங். அந்த வீட்டுல எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆளு நீங்கதான். அதுனாலதான் நேத்து போன் பண்ணுனேன். இல்லாட்டி இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

மீன்கொத்தி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் தக்கையைப் பார்த்தார். சும்மா இருந்துவிடலாம். ஒரு உம் கொட்டினால் போதும். இன்னும் பத்து வருஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அவருடையது, அதுவும் யோக்கியன் என்ற பெயரோடு. யாருக்கு என்ன நஷ்டம்? தீர்ப்பே ஆகிவிட்டது. இப்போது சொல்லி எதை ஒட்டவைக்கப் போகிறார்? உண்மை என்பதை எல்லாம் சமயம் பார்த்துத்தானே... சமயம் பார்த்துப் பார்த்துத்தான் பதினோரு வாரம் போனது. கையில் இருந்த மாவு உருண்டை கரைந்து விரல் இடுக்கில் வழிந்தது. அவர் பேசியது அவருக்கே தூரத்திலிருந்து கேட்டது. "எனக்கு முன்னாலயே தெரியும் அம்மிணி." அவள் கை நின்றது. "என்ன தெரியுமுங்?" "தினகரன் விசயம். கோயமுத்தூரு போயிருந்தப்ப பாத்துட்டேன்." "எப்போ?" "கண்ணு காட்டப் போனனே. ஐப்பசில." அவள் அவரையே பார்த்தாள். பிறகு ரொம்ப மெல்ல, ஒரு குழந்தை கேட்கிற மாதிரி, "ஏனுங் மாமா... அன்னைக்கேவா?" என்றாள். காலையிலிருந்து அவர் காத்திருந்த வார்த்தை. வந்தேவிட்டது, இப்படி வந்தது. அதை வாங்கிக்கொள்ள அவருக்குக் கை இல்லை. "நான் இட்லிப்பொடி குடுத்துவுட்டேனே?" "அந்தப் புள்ள கைல குடுத்துட்டேன் அம்மிணி. நீட்டுச்சு, குடுத்துட்டேன்." அவள் எண்ண ஆரம்பித்தாள், வாய்விட்டு எண்ணவில்லை, கண் ஆற்றின்மேல் நகர்ந்தது, அங்கே ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பாறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. "அந்தப் பெரிய விரால் புடிச்சமே, உங்களயே இழுத்துத் தண்ணிக்குள்ள தள்ளுச்சே, அது முன்னாலயா பொறவா?" "பொறவு." "மழைல யூரியா சாக்கத் தலைல போட்டுட்டு உக்காந்து கடலை தின்னமே?" "அதும் பொறவுதான்." அவருக்குத் தெரிந்தது எது வரப்போகிறது என்று. அது வராமல் இருக்கட்டும் என்று பண்ணாரியம்மனைக் கும்பிட்டார், கும்பிட்ட பெயரே அவள் வாயில் வந்தது. "கொழந்தை வேணும்னு பண்ணாரிக்கு நேந்துக்கறேன்னு சொன்னனே. இதே எடத்துல. எல்லாம் நல்லபடியா நடக்கும் அம்மிணின்னு சொன்னீங்களே." "சொன்னேன்." "அப்பத் தெரியுமா?" "தெரியும்." "ஏனுங்?" என்றாள். மகனுக்கு வாக்குக் கொடுத்தேன் என்று நாக்கு தானாகக் கிளம்பியது, அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். "சொன்னா நீ போயிருவ. போயிட்டா இது நின்னு போயிரும்னு பயந்துட்டேன்." "எது?" அவர் கையைத் தூக்கி எதையோ காட்டினார், ஆறு, நாணல், ரெண்டு தக்கை, புழு டப்பா. "இதுதான்" என்றார். அறுபத்தஞ்சு வயசு ஆம்பளை சொல்கிற காரணமா அது? அவருக்கே வெட்கமாக இருந்தது. மேகலா தூண்டிலை இரண்டு கல்லுக்கு நடுவில் ஊன்றி வைத்தாள். அந்தச் சமயத்திலும் அதைச் சரியாக ஊன்றினாள். எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், கரையோடு மேற்கே நடந்து போனாள்.

அவர் உட்கார்ந்திருந்தார். போகட்டும். கூப்பிடக் கூடாது. அவள் முதுகு நாணலுக்குள் மறைந்து தெரிந்து மறைந்தது, பாலத்துக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் நின்றுவிட்டது. அழுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. கண்ணில் வைத்த லென்ஸ் அவ்வளவு தூரத்துக்குப் பத்தாது. அந்தப் பதினோரு ஞாயிறும் இப்போது அவள் கையில் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டிருக்கும். விரால், கடலை, மழை. கொடுத்ததை எல்லாம் திரும்பப் பிடுங்கிவிட்டார். சொல்லாமல் இருந்ததும் தனக்காக, சொன்னதும் தனக்காகவோ? நெஞ்சில் கனம் குறைந்த மாதிரி இருந்ததே, அந்தக் கனம் எங்கே போனது, அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டு நீ லேசாகிவிட்டாய். அப்படியானால் எப்படித்தான் செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே, அந்த முதல் ஞாயிறே, புழு கோர்ப்பதற்கு முந்தியே. முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல். அவள் இனி வர மாட்டாள். நாளையிலிருந்து நாலரைக்கு விழிப்பு, கோயில் முக்கு, ரைஸ் மில். பயந்தது பயந்தபடியே வந்து நிற்கிறது, ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டதுதான் மிச்சம். ஆனாலும் பாறை சில்லென்றுதான் இருந்தது, வெயில் முதுகில் இதமாகத்தான் விழுந்தது, தட்டான் ஒன்று வந்து மூங்கில் நுனியில் உட்கார்ந்தது. அதெல்லாம் யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. பிறகு அவளுடைய ரீல் கர்ர்ரென்று கத்தியது.

தக்கை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தூண்டில் வில்லாக வளைந்து, ஊன்றியிருந்த கல்லையே புரட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துச் சறுக்கியது. அவர் விழுந்தடித்துப் பிடித்தார். ரீல் வைத்த தூண்டிலை அவர் இதுவரை தொட்டதே இல்லை, எந்தப் பக்கம் சுற்றுவது என்றுகூடத் தெரியாது. கீழே இருக்கிறது பெரியது, அது ஆற்றின் நடுவைப் பார்த்துப் போக முடிவு செய்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். சந்தைப் பேட்டை நெரிசலில் கடைசி சீட்டுவரை போன தொண்டை, இப்போது காற்றுதான் வந்தது. கூப்பிட எனக்கு என்ன பாத்தியதை? மீன் இன்னொரு இழுப்பு இழுத்தது. "அம்மிணீ! அம்மிணீ, ஓடியா!" மரத்தடியில் உருவம் திரும்பியது. ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம். பிறகு வெறுங்காலோடு கல்லிலும் முள்ளிலும் ஓடிவந்தாள், வரும்போதே கத்தினாள்: "இழுக்காதீங்! விடுங், போவட்டும் விடுங்! நுனியத் தூக்கிப் புடிங்!" அவர் தூக்கிப் பிடித்தார். அவள் கை அவர் கைக்கு மேலே வந்து ரீலைப் பிடித்தது. தூண்டிலை வாங்கவில்லை, அவர் பிடி அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள், வாங்குகிற நேரத்தில் நரம்பு தொய்ந்துவிடும். "இப்ப சுத்தறேன். நீங்க அசையாதீங். அது போனா வுட்டுருவேன்." அவள் கண்ணோரம் சிவந்திருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றினாள். வந்தது, போனது, திரும்ப வந்தது. கால்மணி நேரமோ, அதற்கும் மேலோ. கடைசியில் கரையோரச் சேற்றில் தங்கம் பூசின மாதிரி ஒரு ரோகு சாய்ந்து படுத்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மேகலா முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் அதைச் செவுளோடு சேர்த்துத் தூக்கினாள். ரெண்டு கிலோ குறையாது. ரெண்டு பேரும் மூச்சு வாங்க அதையே பார்த்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்படி இருக்கலாம் என்று தெரியவில்லை, ஆனாலும் இருந்தது. அவள் முகத்திலும் அது வந்து, வந்ததற்காகக் கோபித்துக்கொண்டு, போகாமல் நின்றது.

"இது எனக்குத்தானுங். பங்கு தர மாட்டேன்" என்றாள். "உனக்குத்தான் அம்மிணி." அவள் மீனை ஈரச்சாக்கில் சுற்றினாள். ரீலைத் துடைத்தாள், துணிப்பையில் போட்டாள், புழு டப்பாவை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். ஒவ்வொன்றையும் அவள் எடுக்க எடுக்க அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் கேட்கக் கூடாது. மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தால் அதுவும் தனக்காகத்தான் போய் முடியும். மேகலா காலைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரலீங்" என்றாள். "செரி." "அதுக்கடுத்த வாரமும் வரலீங். எனக்கு நெம்பக் கோவமா இருக்குது. உங்கள நெனச்சா, உங்களக் காட்டிலும் அந்த விரால நெனச்சா வயிறு எரியுது." "செரி அம்மிணி." அவள் பையைத் தோளில் போட்டு, சாக்கைத் தூக்கி, பாதை வரைக்கும் ஏறிவிட்டாள். அங்கிருந்து திரும்பாமலே பேசினாள். "அதுக்கும் அடுத்த வாரத்துக்குள்ள மழை வெறிச்சிரும். தண்ணி தெளிஞ்சிரும். அப்ப மாவு வேண்டாம், புழுதான் எடுக்கும்." அவர் எழுந்து நின்றார். ஏனோ உட்கார்ந்தபடி பதில் சொல்லத் தோன்றவில்லை. "எத்தன மணிக்கு வரோணும்?" என்றார். "ஆறு. நேரங்கழிச்சு வந்தா நான் பாட்டுக்குப் போட்டுட்டு இருப்பேன், பேச மாட்டேன்." பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல நினைத்தார், அதற்குள் மேட்டுக்கு அந்தப்பக்கம் அவளுடைய ஸ்கூட்டி கிளம்பிவிட்டது.

சத்தம் பாலத்தின்மேல் ஏறி, பாலத்தைத் தாண்டி, பஸ் ரோட்டில் மற்ற சத்தங்களோடு கலந்து போனது. மூன்று வாரம். மூன்று வாரத்துக்குள் அவள் மனசு மாறலாம், மழை மாறலாம், அணையில் தண்ணீர் திறந்துவிடலாம், ராஜாமணி உடம்புக்கு முடியவில்லை என்று கட்டிலில் படுத்துக்கொள்ளலாம், அவருக்கே ஏதாவது ஆகலாம். அறுபத்தஞ்சு வயசில் மூன்று வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. பயம் எங்கேயும் போய்விடவில்லை, அவர் பக்கத்திலேயே கால் மடக்கி உட்கார்ந்திருந்தது, உட்காரட்டும். பாறை ஆறியிருந்தது. மறுபடி உட்கார்ந்து, மறுபடி அதைச் சூடாக்க வேண்டும். ஒரு புழுவை எடுத்தார், கூசவில்லை, முள்ளில் கோர்த்தார், மூங்கிலை வீசினார். அவள் இல்லாமல் அவர் தூண்டில் போடுவது இதுதான் முதல்தடவை. தக்கை தண்ணீரில் படுத்து, நிமிர்ந்து, நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ கீழிருந்து தொட்டார்கள், விலகினார்கள், திரும்ப வந்து தொட்டார்கள், பெரிய மனுஷி. மெல்ல நடக்க ஆரம்பித்தது தக்கை, இதோ இப்போது இழுக்க வேண்டும். அவர் இழுக்கவில்லை. அது தின்று முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.